வெள்ளை ரிம்மும் செம்மண் பாதையும்

மோட்டார் சைக்கிளுக்கு வெள்ளை ரிம் எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜொகூரில், சிகாமட் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஒரு மழை பெய்தால் போதும், வெள்ளை காவியாகிவிடும். அந்த மண்ணின் சிவப்பு இரும்புத் துருவின் சிவப்பு. காய்ந்த மண்ணைத் துணியால் தேய்க்காதீர்கள். மணல் சாயத்தைக் கீறும், கீறலில் கறை நிலையாகக் குடியேறும். முதலில் தண்ணீரை நிறைய ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். சிந்திய ரப்பர்ப் பாலா? காயட்டும், விரலால் உருட்டினாலே உரிந்து வரும்.

பின் சக்கரத்துக் கரும்புள்ளிகள் வேறு சங்கதி. அவை செயினிலிருந்து தெறித்த எண்ணெய். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். டயரிலும் பிரேக்கிலும் மட்டும் படவே கூடாது. எண்ணெய் பட்ட பிரேக் அவசரத்துக்குப் பிடிக்காது! செயினுக்கு எண்ணெய் விட்டபின் மிகுதியைத் துடைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

வீட்டுப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: என்ஜினை ஓடவிட்டுச் சக்கரத்தையோ செயினையோ துடைக்கக் கூடாது. துணி சிக்கினால் விரலும் கூடவே போகும். என்ஜினை அணைத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பட்டும். அப்போதே ரிம்மில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். அழுக்கேறிய வெடிப்பு வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும்.