சூரிய சக்தியும் செல்கோ கம்பெனியாரின் முறைகளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளில் மழை பொய்ப்பதுண்டு, வெயில் பொய்ப்பதில்லை. கரிசலை வெடிக்கச் செய்யும் இவ்வெயிலைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம் என்பதற்கு, அடுத்துள்ள கமுதியில் 2016-ம் வருஷம் 648 மெகாவாட் அளவில் அமைந்த பெருநிலையமே சாட்சியாகும். ஆயினும், தம் கிணற்றடியில் இச்சக்தியை உபயோகிக்க விரும்பும் குடியானவருக்கு ஒரு சிறு கம்பெனியின் அநுபவமே அதிகப் பிரயோஜனம் தரும். பெங்களூரில் 1995-ல் தொடங்கிய செல்கோ என்பதே அக்கம்பெனி.

இதனை நெவில் வில்லியம்ஸ் என்பவருடன் சேர்ந்து ஸ்தாபித்தவர் ஹரீஷ் ஹண்டே. கரக்பூரில் இன்ஜினீயரிங் பயின்று அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற இவர், டொமினிக்கன் குடியரசில் ஏழைக் கிராமத்தார் தம் பணத்தைக் கொடுத்துச் சூரிய விளக்கு வைத்துக்கொண்டதை நேரில் கண்டார். ஏழைகளால் விலை கொடுக்க இயலாது, கருவியைப் பேணவும் இயலாது என்னும் எண்ணம் தவறு என மெய்ப்பிப்பதே இவர் நோக்கமாயிற்று. 2011-ல் இவருக்கு மகஸேஸே விருது கிடைத்தது.

கம்பெனியார் கைக்கொண்ட முறைகள் மூன்று.

முதலாவது, தேவையறிந்து கொடுத்தல். எத்தனை விளக்கு, எவ்விடத்தில், எவ்வளவு நேரம் என்று விசாரித்த பின்னரே சாதனத்தின் அளவை நிர்ணயிப்பர்.

இரண்டாவது, வரவுக்கேற்ற தவணை. மாதம் 300 ரூபாய் கட்டுவது கடினம், தினம் 10 ரூபாய் கட்டுவது எளிது என்று தெருவியாபாரி ஒருவர் சொன்னதை ஹண்டே எடுத்துரைப்பதுண்டு. தொகை ஒன்றே, பணம் கைக்கு வரும் காலமே வேறு. இதற்கேற்பக் கிராம பாங்குகளைக் கொண்டு கடனுக்கு ஏற்பாடு செய்தனர். நம் பகுதியிலோ பருத்தியும் வற்றலும் விலையாகும்போதுதான் கையில் பணம் புரளும். ஆகவே கடன் பெறுவோர் அறுவடையை ஒட்டித் தவணை கேட்டல் நலம்.

மூன்றாவது, அருகிலிருந்து பழுது நீக்குதல். விற்ற இடத்திற்குச் சமீபத்திலேயே கிளை வைத்து, பழுது பார்ப்போரையும் அமர்த்தினர்.

இம்மூன்றும் சூரிய பம்பு செட்டு வாங்குவோருக்கும் பொருந்தும். 2019-ல் தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தில், நிர்ணயித்த விலையில் மத்திய அரசாங்கம் 30 வீதமும் மாநில அரசாங்கம் 30 வீதமும் மானியமாக ஏற்க வகை செய்யப்பட்டது. மானியம் கிடைக்கிறதென்று அளவுக்கு மிஞ்சிய குதிரைச் சக்தியுள்ள மோட்டாரைக் கேட்கலாகாது. கோடையில் கிணற்றின் நீர்மட்டம் எவ்வளவு, நாளொன்றுக்கு ஊறும் நீர் எவ்வளவு, பாய வேண்டிய நிலம் எவ்வளவு என்பவற்றை முதலில் அளந்தறிக. பழுது நேர்ந்தால் வருவோர் யார், எவ்வூரிலிருந்து, எத்தனை நாளில் என்பதை எழுத்தில் பெறுக. தகடுகளை நிழல் படாத இடத்தில், தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்துப் பொருத்தி, புழுதி படியாமல் துடைத்து வருதல் அவசியம்.

வெயிலுக்குக் கூலியில்லை என்று பகல் முழுதும் நீரை இறைத்தால் ஊற்று வற்றும்; பக்கத்துக் கிணறும் வறளும். சொட்டு நீர்ப் பாசனத்துடன் சேர்த்து உபயோகிப்பதே உத்தமம்.

கிராம அதிகாரிகள் இவ்விவரங்களைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மனுச் செய்வோரை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திற்கு வழிகாட்டவும் வேண்டும். இரண்டாம் வருஷம் பழுதாகி நிற்கும் பம்பு செட்டால் கடன்தான் மிஞ்சும். விலையை விசாரிக்குமுன் விற்பவரின் நடத்தையை விசாரிப்பதே விவேகம்.