அரசர் பெயரில் ஒரு மொழிச் சண்டை

'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடர் 2022இல் வெளிவந்தபோது, நூமெனோர் என்ற தீவுப் பேரரசைப் பலர் முதன்முறையாகத் திரையில் பார்த்தார்கள். கப்பல், கோபுரம், கடற்படை எல்லாமே பிரமாதம். ஆனால், டோல்கீன் எழுதிவைத்த நூமெனோரில் என்னை ஈர்த்தது அரசர் பெயருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஒரே ஓர் அசை.

அதற்கு முன் செங்கோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நூமெனோர் மன்னருக்கு மணிமுடி கிடையாது, செங்கோல்தான் அடையாளம். முதுமை வந்ததும் அதை வாரிசிடம் கொடுத்துவிட்டு, மனமுவந்து உயிர்விடுவது மரபு. ஆறாவது மன்னருக்கு ஒரே மகள். அதனால், மூத்த பிள்ளை ஆணோ பெண்ணோ, அவருக்கே செங்கோல் என்று சட்டம் வந்தது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பின்னிணைப்பில் இது அச்சானது 1955இல். பிரிட்டன் அப்படியொரு சட்டம் இயற்றியது 2013இல்தான்!

இப்போது பெயருக்கு வருவோம். நூமெனோர் மக்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசியது அடூனைக். மன்னர் பட்டமேற்கும்போது சூட்டிக்கொண்ட பெயரோ எல்ஃப்களின் குவென்யா மொழியில் இருந்தது; முன்னால் 'தார்' என்ற அடைமொழி வரும். குவென்யா படித்தவர்களும் உயர்குடியினரும் மட்டுமே அறிந்த மொழி. இது நமக்குப் புதிதல்ல. நம் நாட்டுப் பேரரசியாரின் பட்டத்தில் உள்ள 'பெர்மாய்சூரி' என்ற சொல், 'பரமேஸ்வரி' என்ற சமஸ்கிருதச் சொல்லின் மலாய் வடிவம்.

பல தலைமுறைகளுக்குப் பிறகு ஒரு மன்னர் 'தார்' என்பதைத் தூக்கியெறிந்து, 'ஆர்-அடூனக்கோர்' என்று மக்கள் மொழியிலேயே பெயர் சூட்டிக்கொண்டார். 'மேற்கின் தலைவன்' என்று பொருள். அது தெய்வநிலையில் இருந்தவருக்கு மட்டுமே உரிய பட்டம் என்பதால் பலர் அதிர்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அரச ஏட்டில் மட்டும் அவர் பெயரைக் குவென்யாவிலும் எழுதிவைத்தார்கள். பழைய மரபை முற்றாக உடைத்தால் தீங்கு வருமோ என்ற பயம்!

தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்கு இந்த இடம் உறுத்தியது. தாய்மொழியை அரியணை ஏற்றிய மன்னரை டோல்கீன் ஏன் சரிவின் பக்கம் நிறுத்துகிறார்? கதையில் அடுத்து நடப்பது பாதிப் பதிலைத் தருகிறது. அவருக்குப் பின் வந்த ஆர்-கிமில்சோர், எல்ஃப் மொழிகளை அடியோடு தடை செய்தார். தன் மொழியில் பெயர் வைப்பது ஒன்று, இன்னொரு மொழியைப் பேசுபவரின் வாயை அடைப்பது வேறொன்று. மீதிப் பாதியில் டோல்கீனோடு எனக்கு உடன்பாடில்லை. கல்லூரி நாள்களிலிருந்தே அவர் செதுக்கி வளர்த்த மொழி குவென்யா. அந்தப் பாசத்தில் அடூனைக்குக்கு அவர் கொஞ்சம் ஓரவஞ்சனை செய்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

கிமில்சோரின் மகன் மனம் திருந்தி, 'தார்-பலந்தீர்' என்று மீண்டும் குவென்யாப் பெயர் ஏற்றார். அவருடைய ஒரே மகள் மீரியல். சட்டப்படி செங்கோல் அவருக்குத்தான். ஆனால், சித்தப்பா மகன் ஃபரசோன் அவரைக் கட்டாயத் திருமணம் செய்து ஆட்சியைப் பறித்தான். நம் வழக்கில் அண்ணன் தம்பி முறை. நூமெனோர் சட்டமும் அத்தகைய திருமணத்தை ஏற்கவில்லை. அதோடு விட்டானா? 'மீரியல்' என்ற பெயரையும் அடூனைக்கில் 'ஸிம்ரஃபெல்' என்று மாற்றினான். பெயரின் பொருள் ஏறத்தாழ அதேதான். கேட்காமல் மாற்றியதுதான் கொடுமை. பள்ளிப் பதிவேட்டில் தன் பெயர் வேறு மாதிரி எழுதப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

தீவு கடலில் மூழ்கும் காட்சி 1977இல் வெளிவந்த 'தி சில்மரில்லியன்' நூலில் இருக்கிறது. மலையேறித் தப்ப முயலும் அரசியைப் பேரலை விழுங்குகிறது. அந்த வரியில் டோல்கீன் அவரை ஸிம்ரஃபெல் என்று அழைக்கவில்லை. தார்-மீரியல் என்றே எழுதியிருக்கிறார்.