தையற்கூடத்துப் பெண்களும் சட்டமும்

ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்துக் காலணித் தொழிற்சாலைகளில் தையற்பொறியின் முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்களே. மேற்பார்வையாளர் தகாத சொல் கூறினும், தகாத முறையில் தொடினும், கூலி போய்விடுமே என்றஞ்சி வாய்மூடி இருப்போர் இன்றும் உளர். இக்கொடுமையைத் தடுக்க 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. 2013-இல் சட்டமே இயற்றப்பட்டது. அதன்படி, 10 பேருக்குக் குறையாத பணியிடந்தோறும் பெண்ணொருவர் தலைமையில் உள்ளகக் குழு அமைதல் வேண்டும்.

நாலைந்து பேர் காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் சிறு கொட்டகையில் என் செய்வது? அங்குதான் அச்சம் மிகுதி. அத்தகையோர்க்கும், முதலாளி மீதே முறையிடுவோர்க்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. முறையீட்டை 3 மாதங்களுக்குள் எழுத்தில் தருதல் வேண்டும்; எழுத இயலாதவர்க்கு எழுதித் தர உதவுவதும் அக்குழுவின் கடமையே.