டைல்ஸ் ஒட்டுபவரின் முட்டி

சுவர் பூசுபவர் நின்றபடி பூசுவார். பெயின்டருக்கு ஏணி உண்டு. டைல்ஸ் ஒட்டுபவருக்கோ காலை முதல் மாலை வரை மண்டியும் குத்துக்காலும்தான். கூலி பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு என்பதால், நடுவில் எழுந்து காலை நீட்டுவதும் நஷ்டமாகத் தோன்றும்.

முட்டிக்குள் என்ன நடக்கிறது?

முட்டிச் சில்லின் முன்னால், தோலுக்கு அடியில் சிறு திரவப் பை ஒன்று இருக்கிறது. கடினத் தரையில் ஓயாமல் அழுந்தினால் அது வீங்கிவிடும். குத்துக்காலிட்டே நகரும்போது மூட்டின் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு வில்லையும் கிழியலாம். பல ஆண்டுப் பழக்கம் மூட்டுத் தேய்மானத்தில் கொண்டுபோய் விடும்.

மண்டியிட்டு வேலை செய்யும் மற்றத் தொழில்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கார்ப்பெட் விரிப்பவர்கள், அதை இழுத்துப் பொருத்தும் கருவியை முட்டியாலேயே உதைத்துத் தள்ளுவது வழக்கம். அடிபட்டு முட்டி அழற்சி கண்டதாக இழப்பீடு கேட்டவர்களில் இவர்களுடைய விகிதம், மொத்தத் தொழிலாளர்களை வைத்து எதிர்பார்த்ததைவிட 108 மடங்கு என்று அந்நாட்டுத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயாஷ் 1990-இல் எச்சரித்தது. உதைப்பதற்குப் பதில் நெம்புகோலால் இழுக்கும் கருவியைப் பயன்படுத்தச் சொன்னது.

மூச்சில் சேரும் தூசு

கிரைண்டரில் உலர்வாக அறுக்கும்போது கிளம்பும் புகை போன்ற தூசில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள்கள் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸை உண்டாக்கும். இதைக் குணப்படுத்த மருந்தில்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். செயற்கை குவார்ட்ஸ் பலகையை அறுத்தால் ஆபத்து இன்னும் கூடும், அதில் சிலிக்கா மிக அதிகம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தப் பலகையைத் தடை செய்துவிட்டது. மூக்கில் கட்டும் துண்டு சிலிக்காத் துகள்களைத் தடுக்காது.

ஈரக் கலவை

ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது. பேன்ட் நனைய அதன்மேல் மண்டியிட்டால் தோல் வெந்துபோகும். தொடக்கத்தில் வலிக்காது என்பதால் மாலையில்தான் புண் தெரியும். சிமெண்டில் உள்ள குரோமியத்தால் சிலருக்குத் தீராத அரிப்பும் வரும்.

என்ன செய்யலாம்?

- தடித்த முட்டிக் கவசம் அணியுங்கள். பட்டை காலை இறுக்கக் கூடாது.
- அரை மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். அறுக்கும் வேலையையும் ஒட்டும் வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.
- தண்ணீர் விட்டே அறுங்கள். கூடவே என்95 மாஸ்க் போடுங்கள்.
- ரப்பர் கையுறை அணியுங்கள். கலவை பட்ட இடத்தை உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.
- டைல்ஸ் பெட்டியை இருவராகத் தூக்குங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

முட்டி சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் திரவப் பையில் கிருமித் தொற்று இருக்கலாம், அன்றே காட்டுங்கள். மடக்கிய கால் பூட்டிக்கொண்டாலோ, இருமலும் மூச்சிரைப்பும் வாரக்கணக்கில் நீடித்தாலோ தள்ளிப்போடாதீர்கள். செய்யும் தொழிலை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் கவனத்துக்கு

டைல்ஸ் ஒட்டக் கூலி பேசும்போதே, தண்ணீர் விட்டு அறுக்கும் கட்டருக்கும் கவசத்துக்கும் சேர்த்துப் பேசுங்கள். அறுக்கும் இடத்துக்கு ஒரு குழாய் இணைப்புக் கொடுங்கள். வேலை இரண்டு நாள் கூடினால் அவசரப்படுத்தாதீர்கள். சதுர அடிக் கூலியில் அந்த இரண்டு நாளின் இழப்பு முழுவதும் தொழிலாளிக்குத்தான்.