தண்டியடிகள் கட்டிய கயிறு

சென்னை அசோக் நகரின் அடையாளமாக விளங்குவது, உச்சியில் சிங்க முகங்கள் கொண்ட தூண். அத்தூண் நினைவூட்டும் மாமன்னர் அசோகர், தமது இரண்டாம் பாறைக் கல்வெட்டில் ஓர் அரிய செய்தியைப் பதிவு செய்துள்ளார். சோழர், பாண்டியர் நாடுகள் உட்படப் பல இடங்களிலும், மனிதருக்கும் விலங்குக்கும் பயன்படும் மூலிகைகளை, அவை இல்லாத இடத்துக்கு வருவித்து நடச் செய்ததே அது. தோட்டமும் மருந்தே என்னும் எண்ணம் அத்துணைப் பழமையானது.

இக்கால ஆய்வும் இதனை ஆதரிக்கிறது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றோரை ஆராய்ந்து அமெரிக்க அறிஞர் ரோஜர் உல்ரிச் 1984-ல் கட்டுரை வெளியிட்டார். சுவரையே பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட, சாளரம் வழியே மரங்களைக் கண்டவர்கள் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

ஆயினும் இம்மருந்து யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்கே பெரும்பாலும் எட்டுவதில்லை. வாயிற்படி, மணற்பாதை, குறுகிய நுழைவாயில் ஆகியன முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் வெளியே நிறுத்திவிடுகின்றன.

இதற்கு வழிகாட்டுபவர் அறுபத்துமூவருள் ஒருவரான தண்டியடிகள் நாயனார். திருவாரூரில் பிறவியிலேயே பார்வையின்றித் தோன்றியவர் அவர். திருக்கோயிலின் மேற்கே இருந்த திருக்குளம் குறுகி வருவதை அறிந்து, அதனைத் தோண்டத் துணிந்தார். குளத்தினுள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, இடையே கயிறு கட்டினார். அதனைத் தடவிச் சென்று மண்ணைக் கரையேற்றினார். இகழ்ந்தோர் கம்பையும் கயிற்றையும் பறித்தனர். பின்னர் இறையருளால் அடிகள் கண் பெற்றார் என்கிறது பெரியபுராணம். கண் பெறுவதற்கு முன்பே திருப்பணி நடந்தது என்பது எண்ணத்தக்கது. அதனை நடத்தித் தந்தது ஒரு கயிறு!

நந்தவனத்துக்கும் அத்தகைய கயிறுகள் உண்டு. ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி அகலமும், வழுக்காத சமதளமும், கைப்பிடிக் கம்பியும் தேவை. சுமார் இரண்டரை அடி உயரத்தில், அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டுத் தொட்டிகள் அமைத்தால், அமர்ந்தபடியே செடி வளர்க்கலாம்.

பார்வையற்றோருக்கு மணமே வழிகாட்டி. நுழைவாயிலில் துளசி, திருப்பத்தில் மருக்கொழுந்து, இருக்கையருகே மல்லிகை என நட்டால் இடம் தானே விளங்கும். உதிர்ந்த பின்னும் மணக்கும் மகிழம்பூவைக் குழந்தைகள் பொறுக்கி மகிழ்வர். நச்சுத்தன்மையுள்ள அரளியும் முள்ளுடைய வில்வமும் கைக்கெட்டாத தொலைவில் இருத்தல் நலம்.

சென்னை மெரினாவில் 2022-ல் அமைந்த மரப்பாதை, சக்கர நாற்காலியில் வருவோரையும் கடலருகே அழைத்துச் சென்றது. கடற்கரை மணலிலேயே இது இயலுமெனில், கோயில் நந்தவனத்தில் இயலாதா?

இறைவனுக்குப் பூக்கொய்து மாலை தொடுக்கும் கைங்கர்யம் நடக்க இயலாதோருக்கும் உரியது. அடுத்த கும்பாபிஷேகத் திருப்பணிக்குத் திட்டம் தீட்டும்போது, சாய்தளத்தையும் உயர்ந்த தொட்டிகளையும் அதில் சேர்க்குமாறு பக்தர்கள் கேட்கலாம்.