மண்புழுவும் முராய்ப் பறவையும்

ஆங்கிலப் பாடநூல்களிலே மண்புழுவை இழுத்துண்ணும் ராபின் பறவையின் படம் காணப்படும். அப்பறவை ஜொகூரில் இல்லை. ஆயினும் அதற்கு உறவான ஒன்று தோட்டப்புறத்து வீட்டு வாசல்களில் திரிவதுண்டு. கருமையும் வெண்மையும் கலந்த உடலும், நிமிர்ந்த வாலும் உடைய அதனை மலாய்க்காரர் முராய் என்பர். தமிழ்நாட்டார் குண்டுகரிச்சான் என்பர். பூச்சி, மண்புழு, சிறு பல்லி ஆகியவை அதன் உணவாம்.

மண்புழு உண்பது யாது? உதிர்ந்து மட்கும் இலையும், அதனோடு சேர்ந்த மண்ணுமே. அதற்குப் பல் இல்லை. விழுங்கிய மணற்பருக்கைகளே உள்ளிருந்து இரையை அரைக்கின்றன. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே செல்கிறதென டார்வின் 1881இல் எழுதினார். அவ்வாறு வெளிப்படும் மண்ணே பயிருக்கு உரம்.

மண்புழுவுக்கு நாங்கூழ் என்பது பழம்பெயர். எறும்புகளிடையே அகப்பட்ட நாங்கூழை மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்தில் உவமையாக்கினார். எறும்புக்கும் பறவைக்கும் இரையாவது புழு. முராய்க் குஞ்சு பாம்புக்கு இரையாகும். பாம்பு மடிந்தால் மீண்டும் மண். இதுவே உணவுச் சங்கிலி.

இச்சங்கிலி வழியே உணவு மட்டுமா ஏறுகிறது? நஞ்சும் ஏறும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்து எல்ம் மரங்களுக்கு 1954 முதல் டி.டி.டி. தெளித்தனர். மரநோயைப் பரப்பும் வண்டை ஒழிப்பதே நோக்கம். மருந்து படிந்த இலை உதிர்ந்தது. அதனைப் புழு உண்டது. புழு சாகவில்லை, நஞ்சு அதன் உடலில் சேர்ந்தது. இளவேனிலில் அப்புழுக்களை உண்ட ராபின்கள் நடுங்கி விழுந்து மாண்டன. பதினொரு பெரிய புழுக்களே ஒரு பறவையைக் கொல்லப் போதுமென ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். பறவையின்மேல் எவரும் மருந்தடிக்கவில்லை என்பதே கருதத்தக்கது.

இது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. செம்பனைப் பழத்தை எலி தின்னும். எலியைக் கூகை தின்னும். தீபகற்ப மலேசியத் தோட்டங்களில் 1980களில் எலிக்கு வைத்த வலிய நஞ்சு, அதனை உண்ட எலிகளின் வாயிலாகக் கூகைகளையும் மாய்த்தது. எலியை ஒழிக்கும் நண்பனையே அது ஒழித்ததாம்.

ஆகவே, உணவுச் சங்கிலியைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர், "இவ்வழியே வேறு என்ன செல்லும்?" என்றும் மாணவரைக் கேட்டல் நன்று. களைக்கொல்லித் தெளிப்பானையும் எலிமருந்தையும் நாளும் காணும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விடை எளிதில் விளங்கும்.