கேட்பவரே சொல்பவரானால்

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. ஆயினும், முன்னாளில் ஒரு வதந்தி ஊரெல்லையைக் கடப்பதற்கு நடந்து செல்லும் ஆள் ஒருவராவது வேண்டியிருந்தது. இன்று விரல் நுனி போதும். வானொலியில் நான் ஒருவன் பேச, நீங்கள் பலர் கேட்கிறீர்கள். என் சொல்லுக்கு நானும் நிலையத்தாரும் பொறுப்பு. கைப்பேசியிலோ, கேட்பவர் ஒவ்வொருவரும் அடுத்த நொடியே ஒலிபரப்பாளர் ஆகிவிடுகிறார். பொறுப்பு மட்டும் எவரிடத்தும் தங்குவதில்லை. இதனால் விளையும் இக்கட்டைப் பற்றி மாணவ நண்பர்களோடு சிறிது சிந்திக்க விரும்புகிறேன்.

திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 2018 மே மாதத்தில், வடநாட்டிலிருந்து குழந்தை கடத்துவோர் வந்திருக்கின்றனர் என்ற பொய்ச் செய்தி வாட்ஸ்அப் வழியே பரவியது. பழவேற்காட்டில் அறிமுகமற்ற ஒருவரைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தார் தாக்கப்பட்டனர். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி உயிரிழந்தார்.

2023 மார்ச்சில் அச்சம் திசை மாறி வந்தது. வேறு நிகழ்ச்சிகளின் காட்சிகளைக் காட்டி, தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரப்பினர். அது பொய்யெனத் தமிழ்நாட்டுக் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசும் குழுவை அனுப்பி விசாரித்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் ஆலைகளில் வடமாநிலத்தவர் பலர் பணியாற்றுகின்றனர். வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் பிள்ளையின் முகம் காண்பதும் அவர்களுக்குக் கைப்பேசியில்தான். அதே கருவியில் வந்த பொய்யை ஊரிலுள்ள தாய் எங்ஙனம் நம்பாதிருப்பாள்?

சட்டத்தால் தடுக்கலாகாதா என்று கேட்பீர்கள். 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு கட்ட முற்பட்டது. 2021-இல் மைய அரசு வகுத்த விதிகள், தக்க ஆணை பிறந்தால் செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டவேண்டும் என்றன. குற்றவாளியைப் பிடிக்க அது உதவும். ஆனால் அனுப்பியவரும் பெற்றவரும் அன்றிப் பிறர் படிக்கவியலாத பாதுகாப்பு அதனால் தளர்ந்துவிடும் என்று அந்நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது. பாதுகாப்பு, அந்தரங்கம் ஆகிய இரண்டும் நமக்கு வேண்டியவையே. ஒன்றுக்காக மற்றொன்றை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதே கேள்வி.

இதற்கு நிகரான இக்கட்டு நம் ஒவ்வொருவர் கையிலும் உண்டு. வந்த செய்தி மெய்யாயிருந்து, அதைச் சொல்லாமல் விட்டால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேருமே என்று நெஞ்சு பதைக்கிறது. இந்தப் பதைப்பு நல்லெண்ணத்தில் பிறப்பது. வதந்தி வளர்வதும் இந்த நல்லெண்ணத்தின் மீதுதான். எனக்குத் தோன்றும் வழி இது: நிகழ்ந்தது எந்த ஊரில், எந்த நாளில், கண்டவர் யார் என்று முதலில் கேளுங்கள். விடை இல்லையாயின் அச்செய்தி உங்களோடு நிற்கட்டும். ஐயம் நீங்கவில்லையாயின், அஞ்சுவதன்றி வேறொன்றும் செய்யவியலாத நூறு பேருக்கு அனுப்பாமல், ஆவன செய்ய வல்ல ஒருவருக்குச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கென 1098 என்ற எண்ணும், அவசர உதவிக்கு 112 என்ற எண்ணும் இருக்கின்றன. அங்குச் சொல்வதால் குழந்தைக்கும் காவல் உண்டு. வழியே செல்லும் அயலூராருக்கும் தீங்கில்லை. சட்டம் தன் வழியைத் தேடிக்கொண்டிருக்கும் இந்நாளில், இச்சிறு நிதானம் மாணவர்களாகிய உங்கள் கையில் இருக்கிறது.